பதில்: 'பிளேனிங்' என்பதற்கு 'மேலோட்டம்' சரிவருமா?

கலைச்சொல் குழு அன்பர்களுக்கு வணக்கம்.

என்ஜின் படகை மின்படகாக மாற்றும் வேலைக்கு ஒரே சொல் தேடித் தொடங்கிய பேச்சு 'மின்மாற்றம்', 'மின்னாக்கம்' என்று சுற்றிவிட்டு ஓய்ந்து கிடக்கிறது. மின்மாற்றம் என்றால் படிப்பவருக்கு மின்மாற்றிதான் நினைவுக்கு வரும். மின்னாக்கம் என்றால் மின் உற்பத்தி. என்னைக் கேட்டால் இதற்குத் தனிச்சொல்லே வேண்டாம். 'மின்படகாக மாற்றுதல்' என்றால் எல்லாருக்கும் புரிகிறது, விட்டுவிடலாம். நான் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் வேறு.

சிங்கப்பூரின் மேற்குக் கடற்கரைப் பக்கம் ஒரு படகுப் பட்டறையில் 18 அடி கண்ணாடியிழை வேகப்படகு ஒன்றை மின்படகாக மாற்றுகிறார்கள். வேலை செய்பவர்களில் பாதிப் பேர் புதுக்கோட்டை, சிவகங்கைத் தம்பிகள். காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் (வேலை தொடங்குமுன் கூடிப் பேசும் பாதுகாப்புக் கூட்டம்) வாசிக்கவும், பிறகு படகிலேயே ஒட்டிவைக்கவும் தமிழில் ஒரு குறிப்பு அட்டை கேட்டார்கள். ஆங்கில மூலத்தில் வரிக்கு வரி 'பிளேனிங்' (planing), அதாவது வேகத்தில் படகு நீர்மேல் ஏறி ஓடுவது. மரத்தை இழைப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். கணினி மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தால் "படகு இழைக்கும்போது பேட்டரியைக் கவனிக்கவும்" என்று வந்தது. தச்சர் கையிலிருக்கும் இழைப்புளியைக் கடலில் இறக்கிவிட்டது அந்தப் புண்ணியவான்.

சொல்லுக்குப் போகுமுன் பொருளைச் சொல்லிவிடுகிறேன். நின்றிருக்கும் படகும் மெதுவாகப் போகும் படகும் தம் எடைக்குச் சமமான நீரை ஒதுக்கிக்கொண்டு மிதக்கின்றன. வேகம் கூடக்கூட, படகு எழுப்பும் அலை நீண்டுகொண்டே போகும். அலையின் நீளமும் நீரைத் தொடும் படகின் நீளமும் ஒன்றாகும் இடத்தில், படகு தன் அலையின் பள்ளத்திலேயே உட்கார்ந்துவிடும். 18 அடிப் படகுக்கு இது மணிக்குச் சுமார் 5½ கடல் மைல். அதற்கு மேல் விசையைக் கூட்டினால் பின்பக்கம் அமிழ்ந்து மூக்கு வானத்தைப் பார்க்கும். ஓட்டுபவருக்கு எதிரே என்ன வருகிறது என்றே தெரியாது. இன்னும் கூட்டினால் அடிப்பாகத்தில் மோதும் நீரே படகைத் தூக்கிக் கொடுக்கும், மூக்கு இறங்கும், படகு நீர்மேல் ஏறி ஓடும். இந்தக் கடைசி நிலைதான் பிளேனிங்.

பெட்ரோல் காலத்தில் இந்த நிலைகளுக்குப் பெயர் இல்லாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. பேட்டரியில் அப்படியில்லை. 1 கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. லித்தியம் பேட்டரித் தொகுதியில் அதே 1 கிலோவுக்கு 0.15 தேறினால் பெரிது. என்ஜின் அந்தப் பெட்ரோலில் முக்கால் பங்கை வெப்பமாக வீணடித்தாலும் இடைவெளி பெரியதுதான். 40 கிலோவாட் மணி பேட்டரி என்றாலே எடை 300 கிலோவை ஒட்டிப் போகிறது. கழற்றி வைத்த 115 குதிரைத்திறன் வெளிப்பொருத்து (அவுட்போர்டு) என்ஜினும் 100 லிட்டர் பெட்ரோலும் சேர்ந்தே 250 கிலோதான். மோட்டாரும் கேபிளும் அதற்கு மேல்.

ஆட்களோடு 1.3 டன் எடையுள்ள படகுக்கு நான் போட்ட தோராயக் கணக்கு இது. 40-இல் 32 கிலோவாட் மணியைத்தான் எடுக்கிறோம் என்று வையுங்கள். மணிக்கு 5 கடல் மைலில் மிதந்துபோனால் 3 கிலோவாட் போதும், 50 கடல் மைல் போய்விடலாம். மணிக்கு 20 கடல் மைலில் நீர்மேல் ஓடினால் 40 கிலோவாட் வாங்கும், 16 கடல் மைல் தூரத்தில் பேட்டரி முடிந்துவிடும். வேடிக்கை நடுவில் இருக்கிறது. மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு தவிக்கும் நிலையில் 25 கிலோவாட் வாங்குகிறது. அப்படியே ஓட்டினால் 13 கடல் மைல்கூடத் தேறாது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தும் போகும் தூரம் குறைந்துவிடுகிறது! கார் ஓட்டிப் பழகிய யாரும் இதை எதிர்பார்க்க மாட்டார்கள். அட்டை முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதைத்தான்: ஒன்று மெதுவாகப் போ, இல்லாவிட்டால் முழுக்க ஏறிவிடு, நடுவில் நிற்காதே.

அதனால் மூன்று நிலைக்கும் மூன்று பெயர் வேண்டும்.

மெதுவான நிலைக்கு 'மிதவோட்டம்'. மிதந்து ஓடுவது என்றும் கொள்ளலாம், மிதமான ஓட்டம் என்றும் கொள்ளலாம். எப்படிப் பார்த்தாலும் பொருள் தப்பவில்லை. சாங்கியிலிருந்து உபின் தீவுக்குப் போகும் பம்போட் என்ற சிறு பயணிப் படகு, 12 பேரை ஏற்றிக்கொண்டு எப்போதும் மிதவோட்டத்தில்தான் போகிறது. அதை மின்படகாக மாற்றுவது வேகப்படகைவிட எளிது என்பதற்குக் காரணமும் அதுதான்.

பிளேனிங்குக்கு இங்கே வந்த பரிந்துரைகளில் 'நீர்ச்சறுக்கல்' எனக்குப் பிடிக்கவில்லை. சறுக்கலில் சிரமமே இல்லை, தானாகப் போவதுபோல் ஒலிக்கிறது. 40 கிலோவாட்டைக் குடிக்கிற காரியத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. 'எழுவோட்டம்' அழகான சொல், ஆனால் அதைப் பத்திரமாக எடுத்துவைக்க வேண்டும். நீருக்கடியில் இறக்கை வைத்து உடலையே நீரைவிட்டுத் தூக்கி ஓடும் ஹைட்ரோஃபாயில் படகுகள் இருக்கின்றன. சுவீடனின் கேண்டெலா அப்படித்தான் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறது. எழுவோட்டம் அதற்குரிய பெயர். பட்டறைத் தம்பிகள் "போட் தூக்கிருச்சு" என்கிறார்கள். அதை வைத்து 'தூக்கோட்டம்' என்று ஆக்கினால் தூக்குமேடை நினைவு வந்து தொலைக்கிறது.

என் தேர்வு 'மேலோட்டம்'. நீரின் மேல் ஓடுவது, அவ்வளவுதான். வெள்ளோட்டம், நீரோட்டம் என்று கடலும் கப்பலும் ஏற்கனவே ஓட்டத்தில்தான் புழங்குகின்றன, இதுவும் அந்த வரிசையில் போய் உட்காரும்.

நடுவில் தவிக்கும் நிலைக்கு 'திமில்'. நீரின் தடையை வரைபடமாகப் போட்டால் அந்த வேகத்தில் காளையின் திமில் போலவே ஒரு புடைப்பு எழும். ஆங்கிலத்திலும் திமில் என்றுதான் சொல்கிறார்கள் என்பதற்காக இதை எடுக்கவில்லை. சிவகங்கைத் தம்பி ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டியதும் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் இது. ஜல்லிக்கட்டில் திமிலைப் பிடித்துத் தொங்கினால் பரிசு, இங்கே தொங்கினால் பேட்டரி காலி என்று அவரே சொல்லிச் சிரித்தார். விளக்கம் சொல்லும் வேலை எனக்கு மிச்சம்.

இன்னொன்று. மின்மோட்டாருக்கு நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசை கிடைக்கும், அதனால் திமிலைத் தாண்டுவதில் பெட்ரோல் என்ஜினைவிட அதற்குக் கை நீளம். ஆனால் மோட்டாரின் உச்சத்திறனைச் சில நிமிடங்களுக்கு மேல் எடுத்தால் சூடேறிவிடும். நம் கடல்நீரே 29 பாகை செல்சியஸ் இருக்கும்போது, குளிர்நாட்டுக் கையேட்டை நம்பித் திமிலில் நிற்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். 'உச்சத்திறன்', 'தொடர்திறன்' (நிறுத்தாமல் எடுக்கக்கூடிய திறன்) என்ற இரண்டும் ஏற்கனவே வழக்கில் உள்ளவை, தொடவேண்டாம்.

2030 முதல் இங்கே துறைமுகத்துக்குள் ஓடவரும் புதிய படகுகள் முழு மின்சாரத்திலோ, தூய உயிரி எரிபொருளிலோ, ஹைட்ரஜன் போன்ற நிகர சுழிய எரிபொருளிலோ ஓடக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று கடல்துறை, துறைமுக ஆணையம் சொல்லிவிட்டது. புக்கோம் தீவுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் மின்படகுகள் 2023-இலேயே வந்துவிட்டன. இந்த வேலைகளுக்கு வரும் தமிழர்களுக்கு அட்டை எழுத இன்னும் பலர் உட்காருவார்கள். ஆளுக்கொரு சொல் வேண்டாமே.

கருத்துச் சொல்லுங்கள்.

— ஜூரோங்கிலிருந்து

* * *

தம்பி, வணக்கம்.

மிதவோட்டத்துக்கு என் ஓட்டு உண்டு. மேலோட்டத்துக்கு மட்டும் கை தயங்குகிறது. "மேலோட்டமாகப் படிக்காதே" என்று பள்ளியில் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "படகை மேலோட்டமாக ஓட்டவும்" என்று அட்டையில் எழுதினால், அக்கறையில்லாமல் ஓட்டச் சொல்வதாக ஆகிவிடாதா? 'மேலோட்டு' என்று சுருங்கும்போது புவியின் மேலோடும் குறுக்கே வரும்.

திமிலுக்கு வந்தால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சங்கப் பாடல்களில் பரதவர் கடலுக்குப் போவதே திமிலில்தான். அங்கே திமில் என்பது படகு. 'திமில் வேகம்' என்று எழுதினால் தமிழ் படித்தவர்கள் படகின் வேகம் என்று எடுத்துக்கொள்வார்கள். 'மேடு' போதாதா?

— உட்லண்ட்ஸிலிருந்து

* * *

அக்கா,

முதல் தடைக்கு நீங்களே பாதி வழி காட்டிவிட்டீர்கள். அன்றாடப் பேச்சில் அந்தச் சொல் 'மேலோட்டமாக', 'மேலோட்டமான' என்ற வடிவங்களில்தான் பெரும்பாலும் வருகிறது. அட்டையில் அந்த வடிவங்களைத் தொடாமல் 'மேலோட்டத்தில்', 'மேலோட்டத்துக்கு' என்று மட்டும் எழுதிவிடுகிறேன். "மேலோட்டத்தில் இருக்கும்போது திடீரென விசையைக் குறைக்காதே, பின்னால் வரும் அலை படகுக்குள் ஏறும்" என்று படித்தால் யாரும் குழம்ப மாட்டார்கள். மேலோட்டு என்று எங்கும் சுருக்கமாட்டேன்.

திமிலை விடுவதாக இல்லை. இன்று யாரும் படகைத் திமில் என்பதில்லை, ஆனால் காளையின் திமில் தெரியாத தமிழர் இல்லை. 'மேடு' என்றால் அது கடலடி மணல்மேடா, கரைமேடா என்ற சந்தேகம் கப்பலில் ஆபத்தானது. 'திமில் வேகம்' என்ற தொடரை மட்டும் கைவிடுகிறேன். 'திமிலில் நிற்காதே', 'திமிலைத் தாண்டு' என்று வினையோடு சேர்த்தே எழுதினால் படகு என்ற பொருள் எட்டிப்பார்க்காது.

அட்டையின் முதல் வரிகள் இப்போது இப்படி நிற்கின்றன:

"ஏறுமுன் எடையைப் பார். ஆள் கூடினால் திமிலைத் தாண்டாது. தாண்டாவிட்டால் விசையைக் கூட்டிக்கொண்டே போகாதே, மிதவோட்டத்துக்கு இறங்கு. பேட்டரி 40 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மேலோட்டம் வேண்டாம். கரைக்கு வந்து 13 ஆம்பியர் பிளக்கில் போட்டால் முழுதாக ஏற ஒரு இரவு போதாது."

கடைசி வரியில் 'ஏற' என்பதை 'மின்னேற' என்று மாற்றுவதா, 'சார்ஜ் ஏற' என்றே விடுவதா? தம்பிகள் இரண்டாவதைத்தான் கேட்கிறார்கள், எனக்கும் அதில் மறுப்பில்லை. அப்புறம், மூக்கை ஏற்றி இறக்கும் 'ட்ரிம்' பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. அட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

— ஜூரோங்கிலிருந்து