இரண்டு மாயாவிகளும் ஒரு பைண்டிங் புத்தகமும்

எங்கள் அண்ணன் பல வருஷமாக ஒரே ஒரு காமிக்ஸைத் தேடிக்கொண்டிருந்தான். ஹீரோ கரண்டைத் தொட்டதும் மறைந்துவிடுவான், ஒரு கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அதே ஆள்தான் காட்டில் மண்டையோட்டுக் குகையில் குடியிருப்பான். அவனிடம் குத்து வாங்கியவன் தாடையில் மண்டையோட்டு முத்திரை விழும். "பேர் மாயாவி, அதுல சந்தேகமே இல்ல" என்பான். பழைய புத்தகக் கடைகளில் இதைச் சொன்னால் உதட்டைப் பிதுக்குவார்கள்.

இது இரண்டு பேருடைய கதை என்று நம்மில் பலருக்கும் உடனே தெரிந்துவிடும். முதல் ஆள் இரும்புக்கை மாயாவி, 1962-ல் பிரிட்டனின் வேலியண்ட் இதழில் பிறந்தவர். 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவரை வைத்துத்தான். உடம்பு மறைந்தாலும் இரும்புக் கை மறையாது. குகைக்காரர் 1936-ல் அமெரிக்கக் கதாசிரியர் லீ ஃபாக் படைத்த ஃபேன்டம். முத்து வாசகர்களுக்கு அவர் வேதாளர். ராணி காமிக்ஸில் அவருக்கும் மாயாவி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! குழப்பத்துக்கு இது போதாதா?

அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஒரே புத்தகம்டா, ஒரே அட்டை" என்று அடித்துச் சொன்னான்.

போன கோடையில் அத்தை வீட்டுப் பரணை ஒழித்தபோது அது கிடைத்தது. வாடகை நூல்நிலையத்தின் ஊதா முத்திரை குத்திய பைண்டிங். முத்து, ராணி இரண்டின் அட்டைகளையும் கிழித்துவிட்டு ஒன்றாகத் தைத்திருக்கிறார்கள். ஓரத்தை வெட்டியதில் கீழ்க்கட்டங்களில் வசனத்தின் கடைசி வரி பாதி போய்விட்டது. அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஒரே புத்தகம்தான், ஒரே அட்டைதான். புத்தகத்தைக் கையில் கொடுத்ததும் அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டான். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

தொலைந்த காமிக்ஸைத் தேடுகிறவர்கள் கதையோடு சேர்த்து, அதை எங்கே வாங்கிப் படித்தோம் என்பதையும் யோசித்துப் பாருங்கள். நூல்நிலையமா, சலூனா, பக்கத்து வீடா என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இரும்புக்கை கதையின் முதல் பக்கங்கள் இல்லை, அதனால் தலைப்புத் தெரியவில்லை. இரும்பு விரல் துப்பாக்கியாகச் சுடுகிறது, அப்படியானால் மாயாவி நிழற்படை என்ற ரகசிய உளவு அமைப்பில் சேர்ந்த பிறகு வந்த கதை. கப்பலின் மின்சார அறையில் கரண்டைத் தொட்டு மறைகிறார், அப்புறம் கை மட்டும் கயிறு பிடித்து ஏறுகிறது. இது எந்தக் கதை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அண்ணனுக்கு முழுப் புத்தகமாக வாங்கிக் கொடுக்க வேண்டும்.