குழாய்த் தோட்டம்: மேலே காய்கிறது, கீழே அழுகுகிறது

தென்காசிப் பக்கம் செங்கோட்டையில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் நாலடி இடம்தான். அதனால் 6 அங்குல பிவிசி குழாயை 5 அடி உயரத்துக்கு நிறுத்தி, பக்கவாட்டில் துளை போட்டு மிளகாய், சிறுகீரை, பாலக் வைத்திருக்கிறேன். தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், செம்மண் மூன்றும் சம பங்கு. வைகாசியில் நட்டபோது செழிப்பாகத்தான் வந்தது. ஆனியில் சாரல் பிடித்ததிலிருந்து சிக்கல்.

ஆரியங்காவு கணவாய்க் காற்று நேராக மேல் வரிசையில் அடிக்கிறது. அங்கே இலை ஓரம் காய்ந்து சுருள்கிறது. கீழ் வரிசையிலோ, தண்டு மண்ணைத் தொடும் இடம் பழுப்பாகி, விரலால் அழுத்தினால் தோல் கழன்று வருகிறது. வேரில் நாற்றம்.

அடியில் துளை போட்டு ஜல்லி நிரப்பினேன். நடுவில் சிறு குழாய் இறக்கித் தண்ணீர் விட்டேன். சூடோமோனாஸ் (அழுகல் நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) லிட்டருக்கு 10 கிராம் கலந்து ஊற்றினேன், அப்புறம் வேப்பம் புண்ணாக்கும். நிழல்வலை கட்டியதில் மேல் வரிசை கொஞ்சம் தேறியது. கீழே மாற்றமே இல்லை. மிளகாய் இப்போதுதான் பூ விட்டிருக்கிறது, பிடுங்கிப் போட மனசு வரவில்லை.

புளியரை, தென்மலைப் பக்கம் குழாயில் வளர்ப்பவர்களே, சாரல் காலத்தில் கீழ் வரிசையில் ஈரம் தங்காமல் இருக்கக் கலவையில் எதை, எந்த அளவில் சேர்க்கிறீர்கள்?