அப்பாவின் ஸ்மார்ட் பேண்ட் அடிகளை எண்ணவில்லை, யோசனை சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் மும்பை மாட்டுங்காவில் இருக்கிறோம். அப்பாவுக்கு 74 வயது. நடக்கட்டுமே என்று அடிகளை எண்ணும் ஒரு ஸ்மார்ட் பேண்ட் வாங்கிக் கையில் கட்டிவிட்டேன். முதல் வாரம் ஒரே உற்சாகம். கணக்கு குறைந்தால் ராத்திரி ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தே நிரப்புவார்.

இப்போது கோபம். ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவை மூன்று முறை சுற்றி வந்தாலும் எண்ணிக்கை ஏறவில்லையாம். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். மனிதர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறார்! மணிக்கட்டு அசைந்தால்தானே அது எண்ணும். ஆனால் சண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்டபடி தாளம் போட்டதற்கு முந்நூறு அடி காட்டியது.

10,000 அடி இலக்கை 5,000 ஆக்கிவிட்டேன். அந்த எண்ணே 1965-ல் ஜப்பானில் வந்த ஒரு பெடோமீட்டரின் (அடி எண்ணும் கருவி) பெயரிலிருந்து பிரபலமானதுதான், வைத்தியக் கணக்கு இல்லை.

இடுப்பில் மாட்டும் பெடோமீட்டர் யாராவது பயன்படுத்துகிறீர்களா? எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும், பேட்டரி சில மாதமாவது வர வேண்டும். தாதர் பக்கம் நேரில் பார்த்து வாங்கக் கடை உண்டா? அப்புறம், கையை வீசி நடக்க அவரைச் சம்மதிக்க வைக்கும் வழி தெரிந்தாலும் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டார்.