ஜெர்மன் விசைப்பலகையில் குறுக்குவிசைகள் இடம் மாறுகின்றன: 'கீ', 'கோட்' இரண்டில் எதைப் பார்ப்பது?

கேள்வி:
வணக்கம். உலாவியில் இயங்கும் கோட் எடிட்டர் ஒன்றை எழுதி வருகிறேன். கன்ட்ரோலுடன் சாய்கோட்டை (/) அழுத்தினால் வரி கமென்ட் (இயங்காத குறிப்பு) ஆக வேண்டும். ஜெர்மன் விசைப்பலகை வைத்திருக்கும் பயனர் ஒருவர் அது வேலை செய்யவில்லை என்று எழுதியதால், விசை நிகழ்வின் 'கீ' பண்பை விட்டு 'கோட்' பண்பைப் பார்க்கும்படி மாற்றினேன். இப்போது அவர் இசட் என்று அச்சிட்ட விசையைக் கன்ட்ரோலுடன் அழுத்தினால் அன்டூ ஆகாமல் ரீடூ ஆகிறது. எதைத்தான் நம்புவது?

மறுமொழி 1:
'கோட்' சொல்வது விசை இருக்கும் இடத்தை. 'கீ' சொல்வது அந்த விசை தரும் எழுத்தை. ஜெர்மன் தளவமைப்பில் (விசைகளில் எழுத்துகள் அடுக்கப்பட்ட முறையில்) இசட்டும் ஒய்யும் இடம் மாறியிருப்பதால்தான் உங்கள் அன்டூ தடம் மாறியது. சாய்கோடும் உங்கள் மாற்றத்தால் சரியாகியிருக்காது. அமெரிக்க விசைப்பலகையில் சாய்கோடு உள்ள இடத்தில் அங்கே இருப்பது சிறுகோடு. கன்ட்ரோலுடன் அதை அழுத்தினால் உலாவியில் பக்கம் சிறிதாகும். எழுத்துகளுக்கு 'கீ'யையே பாருங்கள். எண்களுக்கு மட்டும் 'கோட்' நல்லது, ஏனெனில் பிரெஞ்சு அசெர்ட்டி விசைப்பலகையில் ஷிஃப்ட் இல்லாமல் எண்கள் வருவதில்லை.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் 'கீ'யை மட்டும் நம்பினால் நம்மவர்களே மாட்டிக்கொள்வார்கள். லினக்ஸில் தமிழ்99 தளவமைப்பை நேரடியாகத் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோலுடன் எஸ் விசையை அழுத்தினால் 'கீ'யில் வருவது 'இ'. சாய்கோட்டு விசைக்கு 'ழ'. கோப்பு சேமிக்கப்படாமல் கிடக்கும். ஆகவே 'கீ'யில் லத்தீன் அல்லாத எழுத்து வந்தால் 'கோட்' பக்கம் திரும்ப வேண்டும்.

நிறுத்தற்குறிகள்தான் உண்மையான தலைவலி. ஜெர்மனில் சாய்கோடு ஷிஃப்ட்+7 என்பதால், ஷிஃப்ட் அழுத்தப்படவில்லை என்று உங்கள் நிரல் சரிபார்த்திருந்தால் அந்தக் குறுக்குவிசை முதலிலேயே தோற்றிருக்கும். விண்டோஸில் விஎஸ் கோட் என்ற எடிட்டர் இதே கட்டளைக்கு ஜெர்மன் பயனரிடம் கன்ட்ரோல்+# கேட்கிறது. பொது விதியைத் தேடாமல், இத்தகைய கட்டளைகளுக்குத் தளவமைப்புவாரியாகத் தனி இணைப்பு கொடுப்பதே நேர்மையான வழி என்பது என் கருத்து.

மறுமொழி 3:
கன்ட்ரோல்+ஆல்ட் சேர்க்கைகளைத் தயவுசெய்து முன்னிருப்பாக வைக்காதீர்கள். விண்டோஸில் ஆல்ட்ஜிஆர் விசை (பல ஐரோப்பிய விசைப்பலகைகளில் கூடுதல் எழுத்துகளைத் தரும் வலப்பக்க ஆல்ட்), கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததாகவே வந்து சேர்கிறது. போலந்துக்காரர் ஒருவர் ஆல்ட்ஜிஆருடன் எஸ்ஸை அழுத்துவது, தம் மொழியின் மேற்கோடிட்ட எஸ்ஸைத் தட்டச்சு செய்வதற்காக. அந்தச் சேர்க்கையை நீங்கள் வேறு கட்டளைக்கு எடுத்துக்கொண்டால், அவரால் தம் மொழிச் சொற்களையே எழுத முடியாமல் போகும். ஜெர்மனில் சதுர அடைப்புகள் ஆல்ட்ஜிஆருடன் 8, 9. நிரல் எழுதுபவருக்கு அவை நிமிடத்துக்கு நிமிடம் தேவை.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஷிஃப்ட் சரிபார்ப்புதான் முதல் பிழை. நிறுத்தற்குறிகளுக்கு அதை எடுத்துவிட்டு, எழுத்துகளுக்கு 'கீ', லத்தீன் அல்லாதபோது 'கோட்' என்று மாற்றியிருக்கிறேன். தமிழ்99-இல் சேமிப்பு வேலை செய்கிறது. கமென்ட் கட்டளைக்குப் பயனரே விசையை அழுத்திப் பதிந்துகொள்ளும் ஒரு பெட்டியை அடுத்துச் சேர்க்கிறேன்.