கொண்டோ வாங்கி நாள் வாடகைக்கு விடலாமா? சிங்கப்பூர் விதி என்ன?

தெம்பனிஸ்வாசி:
வணக்கம். குடிமகன், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்று இருக்கிறது, கட்டாயம் குடியிருக்க வேண்டிய ஐந்தாண்டு கெடு முடிந்துவிட்டது. இரண்டாவதாக 1.5 மில்லியன் வெள்ளிக்கு ஒரு கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) பார்த்திருக்கிறேன். சுற்றுப்பயணிகளுக்கு மூன்று நாள், நான்கு நாள் என்று ஏர்பிஎன்பியில் விட்டால் மாத வாடகையைவிடக் கூடுதலாக வரும் என்று கணக்கு. ஒப்பந்தத்தில் மட்டும் மூன்று மாதம் என்று எழுதிக்கொண்டால் போதுமாம், அப்படியா? அல்லது நாங்கள் கொண்டோவுக்கு மாறிவிட்டு வீவக வீட்டை அப்படி விடலாமா? ஜோகூர் பாருவில் வாங்கினால்?

ஒப்பந்தப்புலி:
முடியாது. தனியார் வீட்டில் ஒரே ஆள் தொடர்ந்து குறைந்தது 3 மாதம் தங்க வேண்டும். 2017 ஜூன் மாதக் கடைசி வரை அது 6 மாதமாக இருந்தது, பிறகுதான் குறைத்தார்கள். நகர மறுசீரமைப்பு ஆணையம் பார்ப்பது தங்கிய காலத்தை, தாளில் எழுதிய காலத்தை அல்ல. மூன்று மாத ஒப்பந்தம் போட்டு நான்காம் நாள் ஆளை மாற்றினால், அந்த ஒப்பந்தமே உங்களுக்கு எதிரான சாட்சி.

அபராதம் 200,000 வெள்ளி வரை. 2018இல் ஒரு கொண்டோவின் நான்கு வீடுகளைக் குறுகிய கால வாடகைக்கு விட்ட இருவருக்குத் தலா 60,000 வெள்ளி விழுந்தது.

'சட்டம் தளரப் போகிறது' என்று முகவர் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2018இல் ஒரு திட்டத்தைப் பொதுமக்கள் கருத்துக்கு விட்டார்கள்: பங்கு மதிப்பில் (கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிய பங்கு) 80% உரிமையாளர்கள் சம்மதித்த கட்டடத்தில் மட்டும், ஆண்டுக்கு 90 நாள் வரை. 2019 மே மாதம் அதையும் கைவிட்டார்கள். சர்வீஸ் அபார்ட்மெண்டில் 7 நாள் முதல் தங்கலாம் என்பது உண்மை. ஆனால் அதைத் தனித்தனி வீடாகப் பிரித்து விற்க அனுமதி இல்லை, ஆகவே நம்மைப் போன்றவர் அதில் ஒரு வீட்டை வாங்க வழியில்லை.

வீவக வீட்டில் விதி இன்னும் கடுமை. ஒவ்வொரு வாடகையும் குறைந்தது 6 மாதம், வீவகவின் முன் அனுமதி வேண்டும், சுற்றுப்பயணி வாடகைக்கு எடுக்கவே முடியாது. மீறினால் வீட்டையே கழகம் எடுத்துக்கொள்ளலாம். பிளஸ், பிரைம் (நல்ல இடத்தில், கூடுதல் கட்டுப்பாடுகளோடு விற்கும் புது வீவக வகைகள்) வீடு என்றால் முழு வீட்டையும் என்றைக்குமே வாடகைக்கு விட முடியாது.

வரிக்கணக்கர்:
நாள் வாடகை இல்லாமல் கணக்கு நிற்குமா என்று முதலில் பாருங்கள். 1.5 மில்லியனுக்குச் சாதாரண முத்திரை வரி 44,600. இரண்டாவது வீடு என்பதால் கூடுதல் முத்திரை வரி 20%, அது 300,000. நிரந்தரவாசியாக இருந்தால் இரண்டாவது வீட்டுக்கு 30%, வெளிநாட்டவருக்கு 60%. வீவக வீட்டுக்கு வங்கிக் கடன் இன்னும் பாக்கி இருந்தால் இதற்கு விலையில் அதிகபட்சம் 45% கடன்தான், 25% ரொக்கமாகவே போட வேண்டும். நான்காண்டுக்குள் விற்றால் விற்பனையாளர் முத்திரை வரி 16, 12, 8, 4 சதவீதம் என்று ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். இது 2025 ஜூலை 4 முதல் வாங்கியவர்களுக்கு.

பலர் மறப்பது சொத்து வரி. நீங்கள் குடியிருக்காத வீட்டுக்கு ஆண்டு மதிப்பில் (வாடகைக்கு விட்டால் ஓராண்டில் கிடைக்கும் என்று வரித்துறை கணக்கிடும் தொகை) முதல் 30,000க்கு 12%, அடுத்த 15,000க்கு 20%, அடுத்த 15,000க்கு 28%, அதற்கு மேல் 36%. ஆண்டு மதிப்பு 42,000 என்று வையுங்கள்: 3,600 + 2,400, ஆக 6,000 வெள்ளி. வாடகைக்கு ஆள் கிடைக்காத மாதத்துக்கும் இது உண்டு. வருமான வரியில் ரசீது சேர்க்கச் சோம்பலாக இருந்தால் மொத்த வாடகையில் 15% செலவாக எடுத்துக்கொண்டு, கடன் வட்டியைத் தனியாகக் கழிக்கலாம்.

வாடகை ஒப்பந்தத்துக்கும் முத்திரை வரி உண்டு: நான்காண்டு வரை மொத்த வாடகையில் 0.4%, கையெழுத்திட்ட 14 நாளுக்குள். வழக்கமாக வாடகைக்காரர் கட்டுவார். கட்டாத ஒப்பந்தத்தைத் தகராறு வந்தால் நீதிமன்றத்தில் காட்ட முடியாது.

சாவிக்கொத்து:
உரிமையாளர் ஒழுங்காக இருந்தும் மாட்டுவது உள்வாடகையில்தான். ஒருவர் இரண்டு ஆண்டுக்கு எடுப்பார், மறுநாளே படமெடுத்து இணையத்தில் ஏற்றிவிடுவார். சைக்கிள் நிறுத்துமிடத்துக் கம்பியில் எண் பூட்டுப் போட்ட சாவிப் பெட்டி தொங்கினால், வாடகைக்காரர் கூடுதல் நுழைவு அட்டை கேட்டுக்கொண்டே இருந்தால், வெள்ளிக்கிழமை இரவு லிஃப்டில் பெட்டிகள் உருண்டால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்தான் முதலில் புகார் செய்வார்.

ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: எழுத்து அனுமதியின்றி உள்வாடகை கூடாது, எந்தத் தளத்திலும் விளம்பரம் கூடாது, தங்குவோர் பெயர்கள் இணைப்பில் இருக்க வேண்டும், முன்னறிவிப்புடன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டைப் பார்க்கலாம், மீறினால் ஒப்பந்தம் ரத்து. வெளிநாட்டவர் என்றால் தங்குவதற்கான அசல் அனுமதி அட்டையைப் பாருங்கள், கடப்பிதழோடு ஒப்பிடுங்கள், வழங்கிய துறையின் இணையத்தளத்தில் செல்லுமா என்று சரிபாருங்கள். மூன்றும் சட்டப்படி உங்கள் வேலை, முகவர் தலையில் கட்ட முடியாது. ஒரே குடும்பம் இல்லையென்றால் 6 பேருக்கு மேல் கூடாது. 90 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள வீட்டுக்கு 2024 ஜனவரி 22 முதல் தற்காலிகமாக 8 பேர்.

பாலத்துக்கு அந்தப்பக்கம்:
ஜோகூரில் சிங்கப்பூர் போல நாடு முழுதுக்குமான மூன்று மாத விதி இல்லை. அதற்காகத் துள்ள வேண்டாம். கட்டட நிர்வாகக் கழகம் கூடுதல் துணைவிதி போட்டு நாள் வாடகையைத் தடுக்கலாம் என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. கோலாலம்பூரின் மொண்ட் கியாராவில் ஒரு கட்டடம் தொடர்பான வழக்கு அது. ஆகவே முன்பணம் கொடுக்குமுன் நிர்வாகக் கழகத்தின் துணைவிதிகளையும் கடைசி ஆண்டுக் கூட்டக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். இன்றைக்கு அனுமதி இருந்தாலும் அடுத்த கூட்டத்தில் மாற்றலாம். வெளிநாட்டவர் ஐந்தாண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30% வரி என்பதையும் கணக்கில் சேருங்கள்.

தெம்பனிஸ்வாசி:
நன்றி. ஒன்று மட்டும்: மூன்று மாதத்துக்கு வந்தவர் வேலை போய் இரண்டாம் மாதமே கிளம்பினால்?

ஒப்பந்தப்புலி:
அவருடைய அறிவிப்புக் கடிதம், வாடகை கட்டிய கணக்கு, சாவி திருப்பிக் கொடுத்த தேதி மூன்றையும் எடுத்து வையுங்கள். அடுத்து வருபவரிடம் மீதி ஒரு மாதத்தை மட்டும் விற்காதீர்கள். அவருக்குப் புதிதாக மூன்று மாதம் தொடங்க வேண்டும்.