தி வெஸ்ட் விங், ‘மேண்டட்டரி மினிமம்ஸ்’ எபிசோட்: 5 கிராமுக்கும் 500 கிராமுக்கும் ஒரே தண்டனையா?

கேள்வி:
அமெரிக்க வெள்ளை மாளிகையைப் பற்றிய டிவி தொடரான தி வெஸ்ட் விங் முதல் சீசன் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று 20ஆவது எபிசோட், 2000 மே மாதம் வந்தது. ‘மேண்டட்டரி மினிமம்ஸ்’ என்றால் சட்டம் கட்டாயமாக்கிய குறைந்தபட்சத் தண்டனை. போதை வழக்குகளுக்குக் கடும் தண்டனை வேண்டும் என்று பேசுகிற அரசியல்வாதிகளின் உதவியாளர்களை அதிபரின் தலைமை அலுவலரான லியோ கூப்பிட்டு உட்கார வைத்து, உங்கள் முதலாளிகளின் சொந்தக்காரர்கள் இதே மாதிரி மாட்டியபோது எவ்வளவு லேசாகத் தப்பித்தார்கள் என்று கேட்கிறாரே, அந்தக் காட்சி மனதை விட்டுப் போகவில்லை. அவரே குடியிலும் மாத்திரையிலும் விழுந்து எழுந்தவர் வேறு. பார்த்து முடித்ததும் தேடினால், 5 கிராம் கிராக்குக்கும் (கட்டியாக்கிய கொக்கைன்) 500 கிராம் கொக்கைன் பொடிக்கும் ஒரே ஐந்து வருடம் என்று வருகிறது. நிஜமாகவே இப்படிச் சட்டம் இருந்ததா? யாருக்குத் தோன்றியது இந்தக் கணக்கு?

பதில் 1:
இருந்தது. 1986 அக்டோபரில் அந்தச் சட்டத்தில் அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். அந்த ஜூனில் லென் பயஸ் என்ற கூடைப்பந்து வீரர், பாஸ்டன் செல்டிக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்த இரண்டே நாளில் கொக்கைனால் இறந்துபோனார். 22 வயது. அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் அப்போதைய தலைவர் டிப் ஓநீல் பாஸ்டன்காரர், நவம்பரில் தேர்தல், நாடே கொதித்துக்கொண்டிருந்தது, நிபுணர்களைக் கூப்பிட்டு நிதானமாகக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. இத்தனைக்கும் பயஸ் எடுத்தது பொடி, கிராக் இல்லை. அந்தப் பொடியைத் தண்ணீரும் ஆப்ப சோடாவும் விட்டுக் காய்ச்சிக் கட்டியாக்கினால் அதுதான் கிராக். சின்னக் கட்டிகளாக மலிவாக ஏழைப் பகுதிகளில் விற்றது, அதனால் கிராக் வழக்குகளில் உள்ளே போனவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 1995இல், தண்டனை அளவுகளை வகுக்கும் அரசின் தண்டனை ஆணையமே இரண்டுக்கும் ஒரே அளவு வையுங்கள் என்றது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை மறுத்துச் சட்டம் போட்டது, அதிபர் கிளின்டனும் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

பதில் 2:
என்னைக் கேட்டால் கிராம் கணக்கைவிட ‘கட்டாயம்’ என்பதுதான் பெரிய அநியாயம். எடை தெரிந்தால் வருடம் முடிவாகிவிடும், நீதிபதி ஆளைப் பார்த்து யோசிக்க இடமே இல்லை. குறைக்க இருந்த முக்கிய வழி மற்றவர்களைக் காட்டிக்கொடுப்பது. மேலே இருப்பவனுக்குச் சொல்ல நாலு பெயர் இருக்கும், பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தவனுக்கு என்ன தெரியும்? 1988இல் கூட்டுச்சதிக்கும் இதே தண்டனை என்று சேர்த்தபிறகு, வியாபாரியோடு வாழ்ந்த பெண்கள் தலையிலும் மொத்தச் சரக்கின் எடை விழுந்தது. கெம்பா ஸ்மித் பற்றிப் படித்துப் பாருங்கள். கல்லூரி மாணவி. அவர் போதைப்பொருள் விற்கவில்லை என்று அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது, ஆனாலும் அவரை அடித்து மிரட்டி வைத்திருந்த காதலனின் சரக்குக்காக 24½ வருடம் கொடுத்தார்கள். காவலில் இருந்தபடிதான் குழந்தை பெற்றார். இந்த எபிசோட் வந்த அதே வருடம் டிசம்பரில் கிளின்டன் தண்டனையைக் குறைத்த பிறகுதான் வெளியே வந்தார்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சரி, அப்புறம் மாற்றவே இல்லையா? ஏற்கெனவே சிறையில் இருந்தவர்கள் கதி?

பதில் 1:
2010இல் ஒபாமா காலத்தில் 5 கிராமை 28 ஆக்கினார்கள், அதாவது 100 மடங்கு வித்தியாசம் 18 ஆனது. சும்மா கையில் வைத்திருந்தாலே ஐந்து வருடம் என்றிருந்ததும் போனது. ஆனால் பழைய அளவில் தண்டனை பெற்று உள்ளே இருந்தவர்களுக்கு அந்தச் சட்டம் கைகொடுக்கவில்லை. அவர்களும் குறைக்கச் சொல்லி மனுப் போடலாம் என்று வழி பிறந்தது 2018இல்தான். அந்த 18 மடங்கு இன்னும் சட்டத்தில் இருக்கிறது.