ஆப்ல சக்சஸ் காட்டல, ஆனா கஸ்டமருக்கு எஸ்எம்எஸ் வந்துட்டு. பைசா எனக்குக் கேறுமா?

சங்குக்கடை, கன்னியாகுமரி:
படகுத்துறைக்குப் போற வழியில சங்கு விளக்கு, சிப்பி மாலை, பனங்கற்கண்டு விக்கிற சின்னக் கடை. கார்டு மெஷின் கையடக்கம்தான். போன்ல ப்ளூடூத் போட்டுத் தேய்க்கணும், காகிதச் சீட்டு கிடையாது, ஆப்லயே காட்டும். சனிக்கிழமை சூரியன் மறையுற நேரம், சபரிமலை சீசன் கூட்டம் வேற. புனேக்காரர் ஒருத்தர் 3,850 ரூபாய்க்கு எடுத்தாரு. கிரெடிட் கார்டைச் சொருகி பின் போட்டாச்சு. வட்டம் சுத்திக்கிட்டே இருந்து கடைசியில 'டைம் அவுட்'. அவரு போன்ல 3,850 போனதா எஸ்எம்எஸ். வெளியே பஸ்காரன் ஹாரன் அடிச்சு உயிரை எடுக்கான். நானும் சாமானைக் குடுத்துட்டேன். இன்னைக்கு செவ்வாய், அக்கவுண்ட்ல ஒண்ணும் கேறல. உதவி நம்பர்ல 'வெயிட் பண்ணுங்க'ங்கதைத் தவிர வேற பேச்சு இல்ல.

மார்த்தாண்டம் தேன்கடை:
சனிக்கிழமை தேய்ச்ச மத்த கார்டுக்கெல்லாம் பைசா வந்துட்டா அண்ணே?

சங்குக்கடை:
வந்துட்டு. இது ஒண்ணுதான் இல்ல.

மெஷின் சர்வீஸ், நாகர்கோவில்:
அப்போ செட்டில்மெண்ட்ல, அதாவது தேய்ச்ச பைசாவை உங்க கணக்குல போடுறதுல, குத்தம் இல்ல. ஆப்ல பழைய கணக்கைத் திறந்து அந்த 3,850ஐப் பாருங்க. என்ன போட்டிருக்கு?

சங்குக்கடை:
'ஃபெயில்டு'. சிவப்பு எழுத்து.

மெஷின் சர்வீஸ்:
அண்ணாச்சி, வருத்தமா இருந்தாலும் சொல்லிடுறேன். அந்தப் பைசா உங்களுக்கு வராது, அவருக்குத்தான் திரும்பிப் போகும்.

உங்க மெஷின் கேட்டது உங்க பேங்க் வழியா கார்டு நெட்வொர்க்குக்கு (விசா, ரூபே மாதிரி) போய், அங்கிருந்து அவரு பேங்குக்குப் போச்சு. அவங்க சரின்னு சொல்லி எஸ்எம்எஸ்ஸும் விட்டாச்சு. அந்த 'சரி' திரும்பி வர்ற வழியில உங்க போன்ல சிக்னல் செத்துட்டு. பதில் வராத கணக்கை ரத்து பண்ணத்தான் மெஷின் பக்கம் பார்க்கும். அதனால எஸ்எம்எஸ்ங்கது அவரு பேங்க் சம்மதிச்சதுக்கு அடையாளம், நமக்குப் பைசா வந்ததுக்கு இல்ல.

ரிசர்வ் பேங்க் 2019 செப்டம்பர்ல போட்ட சுற்றறிக்கைப்படி, கடையில சீட்டோ உறுதியோ வராம கஸ்டமர் கணக்குல பிடிச்ச பைசாவை, தேய்ச்ச நாளை விட்டு 5 நாளுக்குள்ள திருப்பிப் போடணும். தாண்டினா நாளைக்கு 100 ரூபாய் அவருக்கு நஷ்டஈடு. உங்களுக்கு வியாழக்கிழமையோட அந்தக் கெடு முடியுது. அவரு நம்பர் இருக்கா?

சங்குக்கடை:
பில்லுல எழுதி வச்சிருக்கேன், நல்ல வேளை.

மெஷின் சர்வீஸ்:
அப்போ வியாழக்கிழமை கூப்பிட்டு, கார்டு கணக்குல திரும்பி வந்துட்டான்னு பார்க்கச் சொல்லுங்க. வந்திருந்தா யுபிஐல அனுப்பச் சொல்லலாம். சண்டைக்குப் போவாதீங்க, அவரு ஏமாத்தல.

மார்த்தாண்டம் தேன்கடை:
எங்க கடையில ஸ்பீக்கர் பெட்டி சத்தம் போட்டாத்தான் தேன் பாட்டில் கையை விட்டுப் போகும். எஸ்எம்எஸ் காட்டுறவன் மாமனா இருந்தாலும் சரி.

கோட்டாறு பலசரக்கு:
குறுக்கே ஒரு சந்தேகம். கார்டுக்கு நூத்துக்கு 2 ரூபாய் கூட வாங்குறேன். தப்பா?

மெஷின் சர்வீஸ்:
டெபிட் கார்டுக்கு வாங்கக் கூடாது. வருஷம் 20 லட்சம் வரை வியாபாரம்னா மெஷின்ல டெபிட் கார்டுக்குக் கடைக்காரர்கிட்ட பேங்க் பிடிக்கிற கமிஷனே 0.40 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, ரூபே டெபிட்டுக்கு 2020ல இருந்து கமிஷன் கிடையாது. பிறகு எதுக்கு 2 ரூபாய்? கிரெடிட் கார்டுக்கு அப்படி உச்சவரம்பு இல்ல, அது நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்ல இருக்கும்.

சங்குக்கடை அண்ணாச்சிக்கு இன்னொண்ணு. சாயங்காலக் கூட்டத்துல எல்லா போனும் ஒரே டவரைத்தான் இழுக்கும். வேற கம்பெனி சிம் ஒண்ணு போட்டு வைங்க. டைம் அவுட் ஆனா உடனே மறுபடி தேய்க்காதீங்க, ஆப்ல கணக்கைப் பார்த்துட்டுத் தேய்ங்க. ரெண்டும் ஏறிட்டா அன்னைக்கே ஒண்ணை ரத்து பண்ணிடலாம்.

சங்குக்கடை (வெள்ளி):
நேத்து கூப்பிட்டேன். புதன்கிழமையே திரும்பி வந்துட்டாம், நல்ல மனுஷன், மறைக்கல. சங்கு விளக்கு ஒண்ணு வழியில ஒடஞ்சு போச்சாம், அதுக்கு 400 கழிக்கக் கேட்டாரு. சரின்னுட்டேன். ராத்திரியே 3,450 வந்துட்டு. சிம்மும் மாத்தியாச்சு.